மத்தியைச் சுற்றி வளைப்பவை: தென்னாப்பிரிக்கக் கடலில் ஒரு கூட்டு வேட்டை

ஒரே மத்திக் கூட்டத்தை டால்பின், சுறா, கடல்நாய், கேனட் பறவை, திமிங்கிலம் என ஐந்து வகை உயிர்கள் ஒரே நேரத்தில் தின்றுகொண்டிருக்கின்றன. ஒன்றின் வாய்க்குள் போன மீன் இன்னொன்றுக்குக் கிடைக்காது. அப்படியானால் அவை ஒன்றையொன்று அடித்து விரட்டத்தானே வேண்டும்? தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் நடக்கும் மத்தி ஓட்டத்தில் அப்படிப்பட்ட விரட்டலைப் பெரும்பாலும் பார்க்க முடிவதில்லை. அதற்கான காரணத்தைக் கேமரா வைத்து, நொடிக்கணக்கில் அளந்து பார்த்திருக்கிறார்கள். கிடைத்த விடை, மீன்பிடி அளவை எப்படி நிர்ணயிக்க வேண்டும் என்ற கேள்வி வரைக்கும் நீள்கிறது. அதனால் இந்த நிகழ்வைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

கடலும் கரையும்

இந்த ஓட்டம் நடப்பது அங்கே குளிர் நிலவும் மே கடைசி முதல் ஜூலை வரை. தென்முனையை ஒட்டிய அகுல்ஹாஸ் திட்டில் வாழும் மத்திகளில் ஒரு சிறு பங்கு, கிழக்குக் கேப் மாகாணக் கரையை ஒட்டி வடகிழக்காகக் கிளம்பி குவாசுலு-நட்டால் மாகாணம் வரை போகிறது. இது நம் கரையில் கிடைக்கும் மத்தியின் உறவுக்கார இனம்தான், ஆனால் குளிர்ந்த நீரில் வாழ்வது. வெப்பம் 20, 21 பாகை செல்சியஸைத் தாண்டினால் அதற்கு ஒத்துவராது.

அந்தக் கரையோரமாக எதிர்த்திசையில், அதாவது தென்மேற்கு நோக்கி, வெதுவெதுப்பான அகுல்ஹாஸ் நீரோட்டம் பாய்கிறது. குளிர்காலத்தில் மட்டும் கரைக்கும் அந்த நீரோட்டத்துக்கும் நடுவே குளிர்ந்த நீர் ஒரு குறுகிய பட்டையாக நிற்கும். மத்திகள் அந்தப் பட்டைக்குள்தான் போயாக வேண்டும். வெளியே விலகினால் சூடு, உள்ளே ஒதுங்கினால் கரை. போர்ட் செயின்ட் ஜான்ஸ் ஊருக்கு வடக்கே வாட்டர்ஃபால் பிளஃப் என்ற பாறை முனைக்குப் பக்கத்தில் கண்டத்திட்டு, அதாவது கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடல்பகுதி, மிகவும் ஒடுங்கிவிடுகிறது. அங்கே கூட்டம் இன்னும் நெருக்கப்படும். கிலோமீட்டர் கணக்கில் நீளும் கரிய நிழலாக விமானத்திலிருந்தே பார்க்கலாம்.

2021-இல் பீட்டர் டெஸ்கே, லூசியானோ பெஹெரகரே உள்ளிட்டோர் வெளியிட்ட மரபணு ஆய்வு இந்தக் கதையில் முக்கியமான ஒரு திருப்பம். ஓடி வரும் மத்திகள் பெரும்பாலும் அட்லாண்டிக் பக்கத்தில் தோன்றிய, குளிருக்குப் பழகிய மரபுவழியைச் சேர்ந்தவை. தென்கிழக்குக் கரையில் அடிநீர் மேலெழுந்து கடல் திடீரெனக் குளிரும்போது, அந்தக் குளிரை நம்பி இந்தியப் பெருங்கடல் பக்கம் நுழைந்துவிடுகின்றன. குளிர்ந்த நீர் அடங்கியதும் சூடான நீருக்கும் வேட்டையாடிகளுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கின்றன. ஆய்வாளர்கள் இதைச் சூழலியல் பொறி என்றார்கள். இந்தப் பயணத்தால் மத்திக்கு ஆதாயம் இல்லை. ஆதாயம் முழுவதும் காத்திருப்பவற்றுக்குத்தான்.

மனிதர்களும் காத்திருக்கிறார்கள். டர்பன் பக்கத்துக் கடற்கரைகளில் மத்தி ஒதுங்கும் நாளில் கரைவலை இழுக்கப்படும். 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன இந்தியர்களின் வழிவந்த குடும்பங்கள் அந்தக் கரையில் தலைமுறைகளாக வலை இழுத்து வந்தவை. தமிழ் மீன்பிடி மரபுக்கும் இந்த மத்திக்கும் உள்ள தொடர்பு அந்த வழியாக வந்தது.

யார் எந்தப் பக்கமிருந்து வருகிறார்கள்

பெரிய கூட்டத்தை அப்படியே யாராலும் தின்ன முடியாது. மத்திக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு நெருக்கம். ஆயிரம் மீன்கள் ஒரே நேரத்தில் திரும்பும்போது, வேட்டையாடியின் கண் எந்த மீனையும் குறிவைக்க முடியாமல் தடுமாறும். ஆகவே வேட்டையின் முதல் வேலை கூட்டத்திலிருந்து ஒரு துண்டைப் பிரிப்பது. இந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் நீள்மூக்கு டால்பின்கள். ஒலியலை அனுப்பி எதிரொலியால் மீனைக் கண்டுபிடித்து, கூட்டத்தின் ஓரத்தைக் கிள்ளி எடுத்து, கீழிருந்தும் பக்கங்களிலிருந்தும் வளைத்து மேலே தள்ளுகின்றன. குமிழி விடுவதும் உண்டு. மிரண்ட மீன்கள் உருண்டையாகச் சேர்ந்துகொள்ளும். இதை இங்கே மீன்பந்து என்று சொல்லிக்கொள்ளலாம். நீரின் மேற்பரப்பு அவற்றுக்கு ஒரு சுவர். அதற்கு மேல் தப்பிக்க இடமில்லை.

அந்தச் சுவரை மேலிருந்து உடைப்பது கேப் கேனட். இரண்டரைக் கிலோவுக்குச் சற்று மேல் எடையுள்ள வெள்ளைப் பறவை. முப்பது மீட்டர் உயரம் வரையிலிருந்தும் சிறகை மடக்கிக்கொண்டு தலைகுப்புற விழும். விழுந்த வேகத்திலேயே சில மீட்டர் ஆழம் போய்விடும். அதற்குப் பிறகும் மீன் சிக்காவிட்டால் சிறகை அடித்து நீந்தித் துரத்தும். ஒரு பறவை விழுவதைத் தொலைவில் இருக்கும் மற்றவை பார்த்துவிடும். கேனட்டுகளின் உடலில் சிறு கேமராக்களைக் கட்டி எடுத்த பதிவுகளில், ஒன்று போகும் திசையைப் பார்த்து மற்றொன்று தன் பாதையை மாற்றிக்கொள்வது தெளிவாகத் தெரிந்தது. டால்பின் கூட்டத்துக்கு மேலே கேனட்டுகள் பின்தொடர்ந்து பறப்பதும் வழக்கமான காட்சி.

அப்புறம் சுறாக்கள். செம்பழுப்புச் சுறா, கருஞ்சாம்பல் சுறா, கருமுனைச் சுறா எனப் பலவகை. இவை ஓரத்திலோ அடியிலோ சுற்றிக்கொண்டிருந்துவிட்டு, பந்துக்குள் வாய் திறந்தபடி பாய்ந்து மறுபக்கம் வெளியேறும். கேப் கடல்நாய்கள் இடையில் புகுந்து ஒவ்வொன்றாகப் பிடிக்கும். கடைசியாக, சில நேரம், கீழேயிருந்து ஒரு பிரைடு திமிங்கிலம் வாயைப் பிளந்துகொண்டு எழும். அதன் ஒரு வாய்க்கு மீன்பந்தின் பெரும்பகுதி போய்விடும். அதோடு அந்த விருந்து முடிந்ததாகவும் ஆகலாம். பல மீன்பந்துகள் சில நிமிடங்களில் தீர்ந்துவிடுகின்றன.

வெளிப்பார்வைக்கு இது ஒரு திட்டமிட்ட பங்கீடு மாதிரி தெரியும். கேனட்டுக்கு மேல்தட்டு, டால்பினுக்குப் பக்கவாட்டு, சுறாவுக்கு அடிப்பக்கம். ஆனால் யாரும் யாருக்கும் இடம் ஒதுக்கவில்லை. ஒவ்வொன்றின் உடலும் அது வரக்கூடிய வழியைத் தீர்மானிக்கிறது. மேலே மூச்சுவிட வேண்டியது, வானத்திலிருந்து விழ வேண்டியது, ஆழத்திலேயே இருக்கக்கூடியது என்று வழிகள் வேறுபடுவதால் மோதல் குறைகிறது. இன்னொரு காரணமும் உண்டு. விலங்குகள் எப்போது உணவைக் காவல் காக்கும் என்பதற்கு விலங்கு நடத்தை ஆய்வாளர் ஜெரம் பிரவுன் 1964-இல் ஒரு விளக்கம் சொன்னார்: காப்பதற்கான செலவைவிடக் காப்பதால் கிடைக்கும் வரவு கூடுதலாக இருந்தால் மட்டுமே காக்கும். நகர்ந்துகொண்டே இருக்கிற, கொஞ்ச நேரத்தில் தீர்ந்துபோகிற, எல்லாப் பக்கமும் திறந்து கிடக்கிற மீன்பந்தைக் காப்பது நட்டம். சுறாவை விரட்டப் போகும் டால்பின் அந்த நேரத்தில் தன் மீனை இழக்கும்.

இதுவரை சொன்னது, அவை ஏன் சண்டை போடுவதில்லை என்பதற்கான விளக்கம். ஒன்றோடொன்று இருப்பதால் அவற்றுக்கு நன்மை ஏதும் உண்டா என்பது வேறு கேள்வி.

நொடிகளில் கிடைத்த விடை

இதற்கு நேரடியாக விடை தேடியவர் ஆந்த்ரேயா தியெபோ. அவரும் உடன் ஆய்வாளர்களும் 2016-இல் வெளியிட்ட ஆய்வு, மத்தி ஓட்டத்தின்போது நீருக்கடியில் எடுத்த படச்சுருள்களை அடிப்படையாகக் கொண்டது. ஒவ்வொரு கேனட்டும் பாய்ந்தபோது மீன் கிடைத்ததா இல்லையா, அதற்கு முந்தைய சில நொடிகளில் வேறு யாராவது அந்தக் கூட்டத்தைத் தாக்கினார்களா, மீன்கூட்டம் எவ்வளவு பெரியது என்று ஒவ்வொன்றாகக் குறித்தார்கள். மற்றத் தாக்குதல்களில் பெரும்பாலானவை பிற கேனட்டுகளும் டால்பின்களும் செய்தவை.

கேனட்டின் ஒரு முயற்சியில் மீன் கிடைக்கும் வாய்ப்பு சராசரியாக 0.28. நூறு முறை பாய்ந்தால் 28 முறை மீன். விழுந்த வேகத்திலேயே கொத்தினால் 0.36, விழுந்தபின் நீந்தித் துரத்தினால் 0.13 மட்டுமே. இதில் வியப்பில்லை, நீருக்குள் மீனைத் துரத்திப் பிடிப்பது பறவைக்குக் கடினம்தான்.

அடுத்த இரண்டு முடிவுகள்தான் முக்கியம். முதலாவது, மீன்கூட்டத்தின் அளவுக்கும் கேனட்டின் வெற்றிக்கும் தொடர்பே தென்படவில்லை. நிறைய மீன் இருந்தால் சுலபமாகப் பிடிக்கலாம் என்ற நம் எதிர்பார்ப்பு இங்கே பொய்க்கிறது. இரண்டாவது, பாய்வதற்கு முந்தைய 1 முதல் 15 நொடிகளுக்குள் யாருமே தாக்காமல் இருந்தால் வெற்றி வாய்ப்பு 0.16. அந்த இடைவெளியில் ஒன்றிரண்டு தாக்குதல்கள் நடந்திருந்தால் கிட்டத்தட்ட 0.4. இரண்டு மடங்குக்கும் மேல்.

என்ன நடக்கிறது என்பதைக் கணினி மாதிரி ஒன்றை ஓட்டியும் பார்த்தார்கள். தாக்குதல் நடந்தவுடன் மீன்கூட்டத்தின் ஒழுங்கு குலைகிறது. அடுத்தடுத்துத் தாக்குதல்கள் தொடரும்போது, தொடங்கிய சில நொடிகளில் குலைவு உச்சத்தை அடைகிறது. அந்தக் கணத்தில் கூட்டத்தை விட்டு ஒதுங்கிய ஒற்றை மீன்கள் இருக்கும். கண் தடுமாறாமல் குறிவைக்கக்கூடிய மீன்கள் அவைதான். முன்னால் போனவன் கலைத்துவிட்டுப் போனதைப் பின்னால் வருபவன் அள்ளுகிறான். அடுத்த சுற்றில் இவன் கலைத்தது வேறொருவனுக்கு.

கூட்டு வேட்டை என்றால் பேசி வைத்துக்கொண்டு உதவுவது என்று நினைத்துக்கொள்கிறோம். இங்கே டால்பின் கேனட்டுக்கு உதவ நினைக்கவில்லை, கேனட்டும் டால்பினை நினைத்து விழவில்லை. ஒவ்வொன்றும் தன் வயிற்றுக்காகவே பாய்கிறது. ஆனால் எதிராளியின் பாய்ச்சல்தான் தன் வெற்றியை இரட்டிப்பாக்குகிறது. போட்டியும் பங்கீடும் இரண்டு தனித்தனி நடத்தைகள் என்று வைத்துப் பார்த்தால் இந்த நிகழ்வு விளங்காது என்பது என் முடிவு. ஒரே பாய்ச்சல் ஒரே கணத்தில் இரண்டுமாக இருக்கிறது. அது ஒரு மீனைக் குறைக்கிறது, மீதியைப் பிடிக்க எளிதாக்குகிறது.

ஒரே இனத்துக்குள்ளும் இது நடப்பதை மெக்சிகோவின் கான்கூன் கடலில் மயில் மீன்களிடம் பார்த்தார்கள். ஜேம்ஸ் ஹெர்பர்ட்-ரீடும் குழுவினரும் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், மயில் மீன்கள் மத்தி வகைக் கூட்டத்தை மாறிமாறித் தாக்கின. தாக்குதல்களில் 24 விழுக்காட்டில் மட்டுமே மீன் சிக்கியது. ஆனால் 95 விழுக்காடு தாக்குதல்களில் பல மீன்கள் காயப்பட்டன. காயப்பட்ட மீன்கள் பெருகப் பெருக, பிடிக்கும் வேகமும் கூடியது. தான் காயப்படுத்திய மீனைத் தானே தின்ன முடியும் என்ற நிச்சயம் எந்த மயில் மீனுக்கும் இல்லை. இருந்தாலும் தனியாக வேட்டையாடுவதைவிட இது இலாபம்.

மோதல் இல்லாமல் இல்லை

இதைக் கேட்டு, கடலுக்குள் எல்லாம் இணக்கம் என்று நினைத்துவிடக் கூடாது. நூற்றுக்கணக்கான கேனட்டுகள் ஒரே இடத்தில் விழும்போது, நீருக்குள் ஒன்றின் அலகு மற்றொன்றைக் குத்தி இறப்பு நேர்வது உண்டு. ஒன்று பிடித்த மீனை மற்றொன்று நீருக்கடியிலேயே பறிக்க முயல்வதும் பதிவாகியிருக்கிறது. மீன்பந்து சுருங்கி, கடைசிச் சில மீன்கள் மட்டும் மிஞ்சும்போது, முன்னால் பாய்ந்தவனால் பின்னால் வருபவனுக்கு நட்டம் மட்டும்தான். பந்து பெரிதாக இருக்கும்வரை துணை, சிறிதானதும் போட்டி. எந்தக் கட்டத்தில் ஒன்று மற்றொன்றாக மாறுகிறது என்பது மீன்பந்துக்கு மீன்பந்து வேறுபடும்.

திமிங்கிலத்தின் கணக்கு தனி. டால்பின், கேனட், சுறா எல்லாம் சில்லறையாக எடுப்பவை. திமிங்கிலம் மொத்தமாக எடுப்பது. மற்றவர்கள் திரட்டி வைத்ததை ஒரே வாயில் கொண்டுபோகிறது. இதன் முழு வடிவத்தை நோர்வேயின் வடக்குக் கரையில் பார்க்கலாம். குளிர்காலத்தில் ஹெர்ரிங் மீன்கள் அங்குள்ள கடற்கழிகளுக்குள் வந்து தங்கும். ஓர்க்காக்கள், அதாவது கொலைகாரத் திமிங்கிலங்கள், அவற்றைச் சுற்றிவந்து, குமிழி விட்டு, வெள்ளை வயிற்றைக் காட்டி மிரட்டி, இறுக்கிய பந்தாக்கும். பிறகு வாலால் ஓங்கி அடித்து, மயங்கிய மீன்களை ஒவ்வொன்றாகத் தின்னும். ஒரு பந்தை உருவாக்க நிறைய உழைப்பு வேண்டும். டிரோம்சோ பகுதிக் கடற்கழிகளில் ஈவ் ஜூர்டேனும் டாக் வோங்ராவனும் கவனித்து 2017-இல் எழுதியபடி, பெரும்பாலும் வேட்டையைத் தொடங்குபவை ஓர்க்காக்கள். கூன்முதுகுத் திமிங்கிலங்கள் பின்னால் வந்து சேர்ந்துகொள்கின்றன. ஓர்க்கா ஒரு மீனைக் கவ்விக்கொண்டிருக்கும்போது கூன்முதுகு நடுவில் எழுந்து பந்தையே விழுங்கிவிடும்.

தென்னாப்பிரிக்காவில் கேனட் மேலிருந்து விழுவதால் பந்தின் ஒழுங்கு மேலும் குலைகிறது, அது மற்றவர்களுக்கும் பயன். நோர்வேயில் கூன்முதுகு வந்தால் பந்தே இருப்பதில்லை. ஆகவே “ஒன்றாக வேட்டையாடுகின்றன” என்ற ஒரே வரிக்குள் இந்த இரண்டையும் அடைப்பது தவறு. ஒவ்வொரு வாயும் எவ்வளவு எடுக்கிறது, எவ்வளவு மிச்சம் வைக்கிறது என்று கேட்டால்தான் அது பங்கா, திருட்டா என்று தெரியும்.

பென்குயின் மேலே தள்ளும் மீன்

இதே நாட்டின் வேறு கரைகளில் நடக்கும் இன்னொரு வேட்டையையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆப்பிரிக்கப் பென்குயின்கள் நெத்திலியையும் மத்தியையும் தின்பவை. ஆலிஸ்டர் மக்கின்னஸும் குழுவினரும் பென்குயின்களின் முதுகில் கேமரா பொருத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வில், கூட்டமாகத் திரியும் மீன்களைப் பென்குயின்கள் குழுவாகச் சேர்ந்து வேட்டையாடியபோது, தனியாகப் போனதைவிட ஒவ்வொன்றுக்கும் 2.7 மடங்கு பலன் கிடைத்தது. அவை கீழிருந்து மீன்களை வளைத்து மேற்பரப்புக்குத் தள்ளுகின்றன. 2019-இல் மக்கின்னஸும் பியர் பிஸ்டோரியஸும் இதன் தொடர்ச்சியை எழுதினார்கள்: பென்குயின்கள் அப்படி மேலே தள்ளும் மீனைத்தான் ஆழம் போக முடியாத மற்றக் கடற்பறவைகள் பிடிக்கின்றன.

ஆழத்தில் இருக்கும் மீன், எவ்வளவு இருந்தாலும், மேலே பறக்கும் பறவைக்கு இல்லாததற்குச் சமம். டால்பினோ பென்குயினோ அதை மேலே கொண்டுவந்தால்தான் அது உணவு. மீன்கூட்டத்தின் அளவுக்கும் கேனட்டின் வெற்றிக்கும் தொடர்பில்லை என்ற முடிவோடு இதைச் சேர்த்து வைத்துப் பார்த்தால், கடலில் மீன் இருப்பதும் அந்த மீன் ஒரு வேட்டையாடிக்குக் கிடைப்பதும் வெவ்வேறு விஷயங்கள் என்பது புரியும்.

குறைந்துகொண்டே வரும் கூட்டாளிகள்

2024 அக்டோபரில் ஆப்பிரிக்கப் பென்குயின், மிக அருகிய இனம் என்ற பட்டியலுக்கு மாற்றப்பட்டது. இனப்பெருக்கம் செய்யும் இணைகள் 10,000-க்கும் குறைவு. கேப் கேனட்டும் அருகி வரும் இனம்தான். அது முட்டையிடும் இடங்கள் உலகத்திலேயே ஆறு தீவுகள்: நமீபியாவில் மூன்று, தென்னாப்பிரிக்காவில் மூன்று. நமீபியக் கடலில் 1960-களின் இறுதியிலிருந்து மத்தி வளம் அடியோடு சரிந்தது. அளவுக்கு மீறிய மீன்பிடிப்பு அதற்கு முதன்மையான காரணம். அங்கிருந்த கேனட்டுகள் பெரும்பகுதி அழிந்துபோயின. தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கரையில் மத்தி குறைந்தபோது கேனட்டுகள் இழுவைப்படகுகள் வீசும் ஹேக் மீன் கழிவைத் தின்னத் தொடங்கின. தாவித் கிரெமியேவும் குழுவினரும் 2008-இல் காட்டியபடி, வளர்ந்த பறவைகளுக்கு அது சமாளிக்கப் போதும், ஆனால் சத்துக் குறைந்த அந்த உணவில் குஞ்சுகள் சரியாக வளர்வதில்லை.

மத்தி குறைகிறது, அதனால் பறவை குறைகிறது என்ற நேர்கோட்டை எல்லோரும் ஏற்றுக்கொள்கிறார்கள். தியெபோவின் ஆய்வு அதற்குள் இன்னொரு சுழலைக் காட்டுகிறது. வேட்டையாடிகள் குறைந்தால் மீன்கூட்டத்தின் மீதான தாக்குதல்களும் குறையும். தாக்குதல்கள் குறைந்தால் மிஞ்சியிருக்கும் ஒவ்வொரு பறவையின் வெற்றியும் 0.4-லிருந்து 0.16 பக்கம் நகரும். அதாவது கடலில் மத்தி அப்படியே இருந்தாலும் பறவைக்குப் பசி கூடும். போட்டியாளர்கள் குறைந்தால் மிஞ்சியவர்களுக்கு நல்லது என்ற சாதாரணக் கணக்கு இந்தக் கடலில் தலைகீழாகிவிடுகிறது. டால்பின்களையோ கடல்நாய்களையோ குறைத்தால் மீன்வளம் பெருகும் என்று வாதாடுபவர்கள் இதை அவசியம் கருத்தில் கொள்ள வேண்டும். எனக்கு இந்த நிகழ்வில் மிகவும் கவலை தரும் பகுதி இதுதான், ஏனென்றால் மீனை எடை போட்டுப் பார்ப்பதால் இந்தச் சரிவு தெரியவராது.

சில இடங்களில் நடைமுறை மாறியிருக்கிறது. குவாசுலு-நட்டாலில் குளிப்பவர்களைப் பாதுகாக்கச் சுறா வலைகள் கட்டப்பட்டிருக்கின்றன. மத்தி வரும்போது பின்னாலேயே சுறாக்களும் டால்பின்களும் திரளும், வலையில் மாட்டி இறக்கும். அதனால் மத்தி ஓட்டக் காலத்தில் அந்த மாகாணத்தின் சுறா வாரியம் வலைகளை எடுத்துவிடுகிறது. 2025 மார்ச்சில், நீதிமன்ற உத்தரவாக்கப்பட்ட ஓர் உடன்பாட்டின்படி, ஆறு பென்குயின் குடியிருப்புகளைச் சுற்றி மத்தி, நெத்திலி பிடிக்கும் சுருக்குவலைப் படகுகளுக்குப் பத்து ஆண்டுகள் தடை வந்தது. மீன்பிடி நிறுவனங்களும் பறவைப் பாதுகாப்பு அமைப்புகளும் நீண்ட இழுபறிக்குப் பிறகு ஒப்புக்கொண்ட எல்லைகள் அவை.

அந்த ஆறில் இரண்டு அல்கோவா விரிகுடாவில் இருக்கின்றன. ஒன்று செயின்ட் குரோய் தீவு. ஒரு காலத்தில் ஆப்பிரிக்கப் பென்குயின்களின் மிகப் பெரிய குடியிருப்பு. 2016-இல் அந்த விரிகுடாவில் கப்பலுக்குக் கப்பல் எரிபொருள் நிரப்பும் தொழில் தொடங்கி, நீருக்கடி இரைச்சல் பெருகிய பிறகு அங்கே பென்குயின்களின் எண்ணிக்கை மிக வேகமாகச் சரிந்தது. மற்றொன்று பேர்டு தீவு. உலகின் மிகப் பெரிய கேனட் குடியிருப்பு அதுதான், பென்குயின்களும் அங்கே முட்டையிடுகின்றன. மீனைக் கீழிருந்து தள்ளும் பறவையும் மேலிருந்து விழும் பறவையும் ஒரே தீவில், தடை செய்யப்பட்ட ஒரே கடற்பரப்பைச் சுற்றி வாழ்கின்றன. இந்தப் பத்து ஆண்டுகளில் அங்கே எத்தனை டன் மத்தி கூடியது என்று மட்டும் அளக்காமல், ஒரு கேனட் பாய்வதற்கு முந்தைய பதினைந்து நொடிகளில் எத்தனை தாக்குதல்கள் நடக்கின்றன என்பதையும் கேமராவில் எண்ணிக்கொண்டே வர வேண்டும்.